லத்தீனோ குடும்பங்களில் வன்முறை: உதவ வருபவர் முதலில் கேட்க வேண்டியது என்ன?

கலிஃபோர்னியாவில் ஓர் உதவி மையத்தில் தன்னார்வலராகச் சேரவிருக்கும் ஒருவர், "லத்தீனோ சமூகத்தில் குடும்ப வன்முறையை நிறுத்தப் பண்பாடு அறிந்த உதவி தேவை என்கிறார்கள். நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? மற்றவர்களுக்குச் செய்யும் உதவியிலிருந்து இது எவ்வகையில் மாறுபடுகிறது?" என்று கேட்டிருக்கிறார். (லத்தீனோக்கள் என்போர் மெக்சிகோ முதலிய லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேர்கொண்ட, அமெரிக்காவில் வாழும் மக்கள்.) ஹூஸ்டனில் ஓர் உதவித் தொலைபேசி மையத்தில் ஒன்பது ஆண்டுகளாக இரவு நேரத் தன்னார்வலராக இருக்கிறேன். ஸ்பானிய மொழியை முப்பது வயதுக்கு மேல்தான் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். அழைத்தவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எதுவும் இதில் இல்லை.

கேள்வியிலேயே மறைந்திருக்கும் ஓர் அனுமானத்தை முதலில் களைந்துவிட வேண்டும். லத்தீனோ ஆண்கள் இயல்பாகவே முரடர்கள், அந்தப் பண்பாடு அடியை அனுமதிக்கிறது, ஆகவே தனி உதவி தேவைப்படுகிறது என்று எண்ணிக்கொண்டு வரும் தன்னார்வலர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010 முதல் 2012 வரை நடத்திய தேசிய ஆய்வில், இணையரால் உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ பின்தொடர்தலோ வாழ்நாளில் ஒருமுறையேனும் நேர்ந்ததாகச் சொன்ன லத்தீனோ பெண்கள் சுமார் 34 விழுக்காடு; வெள்ளையினப் பெண்கள் சுமார் 37 விழுக்காடு. ஆக, வன்முறையின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. அதிலிருந்து வெளியே வரும் வழியில் நிற்கும் தடைகளில்தான் வேறுபாடு இருக்கிறது. பண்பாடு அறிந்த உதவி என்பது அந்தத் தடைகளை ஒவ்வொன்றாகத் தெரிந்துவைத்திருப்பது.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் நள்ளிரவுக்குப் பிறகு அழைத்தார். கணவருக்குப் பொறாமை அதிகம் என்று தொடங்கி, கைபேசியைப் பிடுங்கி உடைத்தது, குழந்தைகள் முன்னிலையில் கழுத்தைப் பிடித்தது என்று மெல்ல மெல்லச் சொன்னார். பயிற்சியில் கற்றுக்கொடுத்தபடி காப்பகத்தில் இடமிருக்கிறது, காவல்துறையை அழைக்கலாம், கணவர் நெருங்காதபடி தடுக்கும் நீதிமன்றக் காப்பு ஆணை வாங்கலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு அழைக்கவே இல்லை. மறுநாள் என் மேற்பார்வையாளர் (மான்டெரேயில் பிறந்தவர், அறுபது வயதைத் தாண்டியவர்) என் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மா என்ன கேட்டார் என்று எங்கே எழுதியிருக்கிறாய்?" என்றார். எங்கும் எழுதவில்லை. அவர் கேட்டது எனக்கு நினைவிருந்தது: "அவரைக் குடிக்காமல், அடிக்காமல் இருக்கச் செய்ய யாராவது பேச முடியுமா?" அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த படிவத்தில் கட்டமே இல்லை.

பெரும்பாலான அழைப்புகள் இப்படித்தான் தொடங்கும். அடி நிற்க வேண்டும், ஆனால் குடும்பம் உடையக் கூடாது. ஸ்பானியத்தில், அழுக்குத் துணியை வீட்டுக்குள்ளேதான் துவைக்க வேண்டும் என்றொரு பழமொழி உண்டு. 'அகுவாந்தார்' என்றொரு சொல்லும் உண்டு. பொறுத்துக்கொள்வது, பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது என்பது அதன் பொருள்; ஒரு நல்ல மனைவியின் பெருமையாகவும் அது பேசப்படும். தமிழ்ப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குடும்பத்தைத் தனிமனிதருக்கு மேலாக வைக்கும் இந்த மனப்பான்மையை ஆய்வாளர்கள் 'ஃபமிலிஸ்மோ' என்பார்கள். இதை ஒரு நோய்போலக் கருதி, முதல் உரையாடலிலேயே அறுத்தெறியப் பார்க்கும் உதவியாளரிடம் இரண்டாவது உரையாடல் நடப்பதே இல்லை. அதே குடும்பப் பற்றுதான் "என் பிள்ளைகள் இதைப் பார்த்து வளரக் கூடாது" என்று ஒரு தாயை எழவும் வைக்கிறது என்பதை அறிய எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. வீட்டைவிட்டு வெளியேறாமலேயே பாதுகாப்பாக இருப்பதற்கான திட்டத்தை வகுக்க இப்போது நான் தயங்குவதில்லை: பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் தூதரக அடையாள அட்டையும் யார் வீட்டில் இருக்க வேண்டும், எந்தச் சொல்லைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் காவல்துறையை அழைப்பார், சண்டை மூளும்போது சமையலறைக்குள் ஏன் போகக் கூடாது என்பன போன்றவை. ஒன்றை மட்டும் விட்டுவிட மாட்டேன். கழுத்தை நெரித்ததாகச் சொன்னால், அது உயிருக்கு ஆபத்தின் அறிகுறி என்பதை எவ்வளவு மென்மையாகப் பேசினாலும் தெளிவாகவே சொல்லிவிடுவேன்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 1991இல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா எழுதிய, இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரையில் ஒரு நிகழ்வு வருகிறது. கொன்றுவிடுவதாகக் கணவர் மிரட்டியதால் மகனோடு வெளியேறிய ஒரு லத்தீனோ பெண்ணுக்கு, ஆங்கிலம் தெரியாது என்ற காரணத்தைச் சொல்லி ஒரு காப்பகம் இடம் மறுத்துவிட்டது. அங்குள்ள ஆதரவுக் குழுக் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடந்ததால் அவரால் பங்கேற்க முடியாதாம். விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்களைப் போன்ற ஒருத்திதான் கதவைத் தட்டுவாள் என்று எண்ணி எழுதியவர்கள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு அரசின் நிதி பெறும் சேவைகள் மொழி உதவி அளிக்க வேண்டும் என்று 2000இல் வந்த அதிபர் ஆணை 2025 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டுவிட்டதால், இந்த நிகழ்வு பழங்கதையாகிவிடவில்லை.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். 'மொலெஸ்தார்' என்றால் ஸ்பானியத்தில் பொதுவாகத் தொந்தரவு செய்வது. ஒலியொப்புமையால் ஏமாந்து ஆங்கிலத்தில் 'மொலெஸ்ட்' என்று பெயர்த்தால் அது பாலியல் குற்றமாகிவிடும். 'குடும்ப வன்முறை' என்ற சொல்லுக்கு நேரான ஸ்பானியச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் பலர் "அப்படியெல்லாம் இல்லை" என்பார்கள். "வீட்டில் உங்களை எப்படி நடத்துகிறார்கள்?" என்று கேட்டால் அழத் தொடங்குவார்கள். 'மால்த்ராத்தோ', அதாவது மோசமாக நடத்துதல், என்ற சொல்தான் அவர்களுடைய சொல். 'நெர்வியோஸ்' என்று நெஞ்சுப் படபடப்பையும் கைநடுக்கத்தையும் சேர்த்துச் சொல்வதை மருத்துவர்கள் வெறும் நரம்புத் தளர்ச்சி என்று எழுதிவைத்துவிடுவதுண்டு. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாது. தாய் பட்ட அடியைப் பத்து வயது மகன் தன் வாயால் அந்நியரிடம் சொல்லும்போது அவன் எதை விட்டுவிடுவான் என்பது நமக்குத் தெரியாது. மேலும், குவாத்தமாலாவின் மலைப்பகுதியிலிருந்தோ மெக்சிகோவின் வஹாக்காவிலிருந்தோ வந்த பலருக்குத் தாய்மொழி மாம், கிச்சே, மிஸ்தெக் போன்றவை. அவர்கள் ஸ்பானியத்தில் தலையாட்டுவார்கள். புரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

மரியாதைப் பன்மையைப் பற்றித் தமிழர்களுக்கு ஒரு சொல் போதும். ஸ்பானியத்தில் 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள். வீட்டில் நாளெல்லாம் இழிவாக அழைக்கப்படுபவரை முன்பின் தெரியாத குரல் 'உஸ்தெத்' என்று விளிப்பதே ஒரு தொடக்கம். ஆங்கிலத்தில் வளர்ந்த சக தன்னார்வலர்களுக்கு இதைப் புரியவைக்கப் பாடுபட்டிருக்கிறேன்.

இனி, யாரிடம் சொல்வார்கள் என்பது. 'கொன்ஃபியான்சா' என்பது நம்பிக்கையும் நெருக்கமும் கலந்த ஒன்று. அதை ஓர் அலுவலகம் பெயர்ப்பலகை மாட்டிப் பெற்றுவிட முடியாது. பெண் முதலில் வாய்திறப்பது பெரும்பாலும் தன் 'கொமாத்ரே'யிடம். தன் குழந்தையின் ஞானத்தாய்க்கும் தனக்கும் உள்ள உறவின் பெயர் அது. கத்தோலிக்கத் தமிழர்களுக்கு அந்த உறவின் கனம் தெரிந்திருக்கும். ஆகவே நல்ல அமைப்புகள் கொமாத்ரேக்களைத் தேடிப் போகின்றன. மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் 1982இல் ஒரு காப்பகமாகத் தொடங்கிய 'காசா தே எஸ்பெரான்சா' (நம்பிக்கை இல்லம் என்று பொருள், 2021 முதல் 'எஸ்பெரான்சா யுனைட்டெட்') நாளடைவில் அக்கம்பக்கத்துப் பெண்களையே பயிற்றுவித்துத் தலைவர்களாக்கும் பணியில் இறங்கியது. கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளிப் பெண்களே நடத்தும் 'லீதெரெஸ் கம்பெசீனாஸ்' அமைப்பு வீட்டுக் கூட்டங்கள் வழியாக இதைச் செய்கிறது. நீங்கள் அந்த மாநிலத்தில் இருப்பதால் முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். நீரிழிவு பற்றிப் பேச வீடு வீடாகப் போகும் 'ப்ரொமோத்தோரா' எனப்படும் சமூக நலப் பணியாளர், கணவரின் சந்தேகம் எழாமல் உள்ளே நுழையக்கூடியவர். காப்பகத்தின் துண்டறிக்கையைவிட அவர் கையிலுள்ள சர்க்கரை அளவுப் பட்டியல் பல வீடுகளின் கதவைத் திறந்திருக்கிறது.

குடியேற்றச் சட்டம் தெரியாமல் இந்தப் பணியைச் செய்யவே முடியாது. "காவல்துறையை அழைத்துப் பார், உன்னைத்தான் நாடு கடத்துவார்கள், பிள்ளைகள் இங்கேயே இருப்பார்கள்" என்பது கை ஓங்காமலேயே அடிக்கும் அடி. 1994ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின்படி, கொடுமை செய்யும் கணவரோ மனைவியோ அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவரானால், பாதிக்கப்பட்டவர் அவருக்குத் தெரியாமலேயே தன் பெயரில் குடியேற்ற உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்களுக்கும் இது பொருந்தும். கொடுமைக்காரர் கொடுக்கும் தகவலை மட்டும் வைத்துப் பாதிக்கப்பட்டவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது என்ற காப்பும் 1996 முதல் இருக்கிறது. கொடுமை செய்பவருக்கே ஆவணங்கள் இல்லாவிட்டால், குற்றத்துக்கு ஆளானவர்களுக்காக 2000இல் உருவான யூ விசா இருக்கிறது. அதற்குக் குற்ற விசாரணையில் ஒத்துழைத்ததாகக் காவல்துறையோ அரசு வழக்கறிஞரோ சான்றளிக்க வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மட்டுமே என்ற உச்சவரம்பால் காத்திருப்பு பல ஆண்டுகளாக நீள்கிறது. (இடையே ஒரு குறிப்பு: கணவர் எச்-1பி விசாவில் இருப்பதால் எச்-4 விசாவில் வந்த நம் பெண்களால் மேற்சொன்ன 1994ஆம் ஆண்டுச் சட்ட வழியில் தாமாக விண்ணப்பிக்க முடியாது, அவர்களுக்கும் யூ விசாவே பெரும்பாலும் வழி.) இவற்றை நீங்கள் சட்ட ஆலோசனையாகச் சொல்லக் கூடாது. வழி இருக்கிறது, வழக்கறிஞரைப் பார்ப்போம் என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொய் நம்பிக்கை கொடுத்து ஏமாற்றுபவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அச்சம் கற்பனையானதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2017 பிப்ரவரியில், டெக்சாசின் எல் பாசோவில் காப்பு ஆணை கேட்டு வந்தவரை நீதிமன்றத்திலேயே குடியேற்றத் துறையினர் பிடித்தார்கள். அடுத்த மாதம், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவர் சார்லி பெக், லத்தீனோ சமூகத்திலிருந்து வரும் குடும்ப வன்முறைப் புகார்கள் முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிடப் பத்து விழுக்காடு அளவுக்குக் குறைந்திருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அடி குறையவில்லை, புகார்தான் குறைந்தது என்பதே அவருடைய கவலை. காப்பகங்கள் போன்ற இடங்களில் கைது நடவடிக்கையைத் தவிர்க்கச் சொன்ன 2021ஆம் ஆண்டின் வழிகாட்டுதலும் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. "பயப்படாதீர்கள்" என்ற சொல்லை நான் தொலைபேசியில் சொல்வதில்லை.

எல்லா லத்தீனோக்களும் குடியேறிகள் அல்லர். புவேர்த்தோ ரீக்கோவினர் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். 1989லேயே அந்தத் தீவு தனக்கெனக் குடும்ப வன்முறைச் சட்டம் இயற்றிக்கொண்டது. அவர்களிடம் போய் விசாவைப் பற்றிக் கேட்டால் அவமதிப்பாகவே கொள்வார்கள்.

பண்பாட்டுக்கு இணங்குதல் எங்கே நிற்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பெரியவர்களை வைத்துக் கணவன் மனைவி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேசுவது, அடி நடக்கும் வீட்டில் ஆபத்தானது. மனைவி உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போனபின் அதற்கு விலை கொடுப்பார். பொறுமையாயிரு என்று அறிவுரை சொல்லும் பாதிரியாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 1992இல் வெளியிட்டு 2002இல் புதுப்பித்த அறிக்கை, கொடுமை நிறைந்த மணவாழ்வில் எவரும் தங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுவதில்லை எனத் தெளிவாகச் சொல்கிறது. அதன் ஸ்பானியப் படியைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். "விட்டுவந்தால் பாவமா?" என்று கேட்ட ஒருவரிடம் அதைக் கொடுத்தபோது, என் வாதங்களால் ஆகாதது நடந்தது.

என் அந்தப் பழைய அழைப்பில் கேட்கப்பட்ட கேள்விக்கு, அதாவது அந்தக் கணவரிடம் யார் பேசுவது என்பதற்கு, இன்று என்னிடம் ஓரளவு பதில் இருக்கிறது. 1988இல் தொடங்கிய 'தேசிய கொம்பாத்ரேஸ் நெட்வொர்க்' ('கொமாத்ரே'யின் ஆண்பால் 'கொம்பாத்ரே') ஆண்களை வட்டமாக உட்காரவைத்து, 'பாலாப்ரா', அதாவது கொடுத்த சொல்லைக் காப்பது, என்ற பழைய மதிப்பிலிருந்து பேச்சைத் தொடங்குகிறது. 'மச்சிஸ்மோ', அதாவது ஆணாதிக்க முரட்டுத்தனம், என்று திட்டி வெளியே நிறுத்துவதைவிட, உன் பாட்டனார் ஆண்மை என்று எதைச் சொன்னார் என்று கேட்பது அவர்கள் வழி. இதனால் எல்லா ஆண்களும் மாறிவிடுகிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கணவர் வகுப்புக்குப் போகிறார் என்பதற்காகப் பெண்ணின் பாதுகாப்புத் திட்டத்தைத் தளர்த்தவும் கூடாது. ஆனால் அந்தப் பெண் கேட்ட உதவிக்கு ஒரு முகவரி இருக்கிறது.

நீங்கள் பணியைத் தொடங்கும் முதல் இரவுக்கு ஒன்று: பெயர்களைக் கவனமாக எழுதுங்கள். அவர்களுக்குத் தந்தைவழி, தாய்வழி என இரண்டு குடும்பப் பெயர்கள். அமெரிக்க எழுத்தர்கள் இரண்டாவதையே குடும்பப் பெயராகப் பதிந்துவிட, காவலர் தேடும்போது அடித்தவர்மீதான காப்பு ஆணை கணினியில் கிடைக்காமல் போகும். தலைப்பெழுத்தோடு அமெரிக்கா வந்த நமக்கு இந்தத் தொல்லை பழக்கமானது. இரண்டு பெயர்களையும் கேளுங்கள், அடித்தவர் வேலையிடத்தில் எந்தப் பெயரில் சம்பளம் வாங்குகிறார் என்றும் கேளுங்கள், எழுதியதை ஒருமுறை அந்தப் பெண்ணிடம் படித்துக்காட்டுங்கள். உங்கள் மையத்தில் இரவில் ஸ்பானியம் பேசுபவர் எவரும் இல்லாவிட்டால் 1996 முதல் இயங்கும் தேசிய உதவி எண் 1-800-799-7233இல் ஸ்பானியத்தில் பேசலாம். அந்த எண்ணை அந்தப் பெண்ணின் கைபேசியில் சேமிக்க வேண்டாம், அவர் கொமாத்ரேயின் கைபேசியில் இருக்கட்டும்.