தொட்டாலே கூச்சம்: தொக்கணம் எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகப் பீடி சுற்றுவதால் பிடரியிலும் நடுமுதுகிலும் வலி. சித்த மருத்துவர், எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடும் தொக்கணம் என்ற சிகிச்சையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் விலாவிலோ உள்ளங்காலிலோ கை பட்டவுடன் சிரிப்பு வந்து உடம்பே சுருங்கிவிடுகிறது. சிறுவயது முதலே இப்படித்தான். அங்கே தொக்கணம் செய்யும் பெண்மணி சலித்துக்கொள்கிறார். எனக்கும் வெட்கமாக இருக்கிறது. இது நரம்புக் கோளாறா?
- வாசகி, முக்கூடல்

பதில்: சிறுவயது முதலே இருக்கிறது என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், இது நோயன்று. பிறர் கை மெல்லப் படும்போது உடல் தானாகவே சுருங்கும் அனிச்சைச் செயல்தான் கூச்சம். சிலருக்கு அது கூடுதலாக இருக்கும். அப்போது வரும் சிரிப்பும் உங்கள் விருப்பத்தில் வருவதன்று. ஆகவே நீங்கள் வெட்கப்படவோ, சிகிச்சை அளிப்பவர் சலித்துக்கொள்ளவோ இதில் ஒன்றுமில்லை.

நம் விலாவை நாமே தொட்டால் பெரும்பாலும் கூசுவதில்லை. நம்முடைய அசைவால் வரப்போகும் தொடுவுணர்வைச் சிறுமூளை முன்கூட்டியே கணிப்பதால், அவ்வுணர்வு மட்டுப்பட்டுவிடுகிறது என்பதை 1998இல் லண்டன் ஆய்வாளர்கள் மூளை ஸ்கேன் வழியாகக் காட்டினார்கள். இதை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். கூசும் இடத்திற்கு அருகில் சிகிச்சை அளிப்பவர் வரும்போது, எட்டுகிற இடமானால், அவருடைய கையின்மேல் உங்கள் கையை வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைத் தொட்டதும் நெளியும் குழந்தைகளைப் பரிசோதிக்கும்போது மருத்துவர்களாகிய நாங்களும் குழந்தையின் கையை எங்கள் கையோடு சேர்த்துத்தான் அழுத்திப் பார்ப்போம். சிறிது நேரத்தில் இறுகியிருந்த வயிறு இளகிவிடும்.

மற்றது சிகிச்சை அளிப்பவரின் கையில் இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று சித்த மருத்துவம் கூறும் ஒன்பது தொக்கண முறைகளில், விரல் நுனியால் மேலோட்டமாக வருடுவது என்ற ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். கூச்சத்தை மிகுதியாகத் தூண்டுவது அந்த வருடல்தான். பயிற்சி பெற்றவர் இளஞ்சூடான எண்ணெயைத் தம் கையில் தேய்த்துக்கொண்டு, கூசாத தோள்பட்டையில் உள்ளங்கை முழுவதும் படியும்படி வைத்து, நீங்கள் மூச்சை வெளியே விடும்போது அழுத்தி, கையைத் தோலிலிருந்து எடுக்காமலேயே மெதுவாக நடுமுதுகுக்கு நகர்வார். ஒரு கையை எடுக்க நேர்ந்தாலும் மற்றொன்று உடல்மீதே இருக்கும். அடுத்து எங்கே தொடப்போகிறார் என்பதையும் முன்னதாகச் சொல்வார். அப்படியும் கூசினால், மேலே ஒரு பருத்தித் துண்டை விரித்து அதன்மீது அழுத்தலாம்.

கூச்சத்தை முறியடிப்பதாக எண்ணி அந்த இடத்திலேயே விடாமல் அழுத்துவதை நான் ஏற்பதில்லை. இறுகி எதிர்க்கும் தசையை அழுத்தினால் மறுநாள் வலி கூடவே செய்யும். உங்கள் வலி பிடரியிலும் முதுகிலும் இருப்பதால் உள்ளங்காலையும் விலாவையும் விட்டுவிட்டால் சிகிச்சைக்கு ஒரு குறையும் வராது. தொடங்கும் முன்பே, "எனக்கு இந்த இடங்களில் கூசும், அங்கே தொட வேண்டாம், நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள்" என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிடுங்கள். சிரிப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. அவர் கேட்கவில்லையென்றால் வேறொருவரிடம் செல்லலாம். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துப் பாருங்கள். சுளவை ஒரு பலகைமேல் உயர்த்தி வைத்துக் குனிவதைக் குறைக்காமல் தொக்கணம் மட்டும் எடுத்தால் வலி திரும்பிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதுவரை இல்லாத எரிச்சலோ ஊசி குத்துவது போன்ற உணர்வோ மரத்துப்போதலோ பாதத்தில் புதிதாகத் தோன்றினால், அது நீங்கள் எழுதியிருக்கும் கூச்சமன்று. சர்க்கரை அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கி வலித்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதைத் தேய்த்துவிட எவரையும் அனுமதிக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.