வாசகர் கேட்டவை: கேம்பர் வானும் கடற்காற்றும்

*படுக்கையும் அடுப்பும் பொருத்திய குடும்ப வான்களைப் பராமரிப்பது குறித்துத் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் ஆறினுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம். பதில் எழுதுபவர் நீண்ட காலம் திருகோணமலையில் வாகனத் திருத்துநராகப் பணியாற்றியவர்.*

ஐயா, வெளிநாடு சென்ற என் கணவரின் தமையனார், தாம் பாவித்த பழைய டீசல் வானை எங்களிடம் விட்டுச் சென்றுள்ளார். உள்ளே படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி, இரண்டாவது பற்றரி எல்லாம் உண்டு. எங்கள் இருவருக்கும் வாகன வேலை எதுவும் தெரியாது. எதிலிருந்து பழகுவது? எதை நாமே செய்யலாம், எதைக் கராஜில் கொடுக்க வேண்டும்?
*– ஒரு வாசகி, உப்புவெளி*

முதல் மாதத்தில் எதையும் கழற்றாதீர்கள். வாகனம் நல்ல நிலையில் இருக்கும்போது அதன் ஒவ்வொரு பகுதியும் எப்படி இருக்கிறது, எப்படி ஒலிக்கிறது என்பதைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எஞ்சின் ஒயில் அளவுகோலில் எந்தக் கோட்டில் நிற்கிறது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் போத்தலில் எந்த மட்டத்தில் இருக்கிறது, பிரேக் எண்ணெய் இரு கோடுகளுக்கும் நடுவே எங்கே இருக்கிறது, காலையில் பற்றரி எத்தனை வோல்ட் காட்டுகிறது என்பவற்றை வாரம் ஒரு நாள், வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்துக் குறியுங்கள். நான்கு வாரம் இப்படிச் செய்தவர்களுக்கு ஐந்தாம் வாரம் ஒரு மட்டம் இறங்கியிருந்தால் அது உடனே கண்ணில் படும். சுகமான நிலையை அறியாதவர் நோயை அறிய முடியாது என்பதால்தான், ஸ்பனர் பிடிப்பதைவிட இதை முதலில் பழகச் சொல்கிறேன்.

அடுத்து, உங்கள் வான் நிற்கும் இடத்தை மறவாதீர்கள். உப்புவெளி என்ற பெயரிலேயே உப்பு இருக்கிறது. கண்டியில் பத்து ஆண்டு தாங்கும் இரும்பு நம் கரையோரத்தில் பாதிக் காலம்கூடத் தாங்காமல் துரு ஏறிப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்த ஒவ்வொரு முறையும் வாகனத்தின் அடிப்பகுதியை, குறிப்பாகச் சக்கர வளைவுகளையும் பின் அச்சைச் சுற்றியுள்ள இடங்களையும், நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கரையோரக் கிணறுகளில் பலவற்றின் நீர் உவர்ப்பாக இருப்பதால் அதனால் கழுவுவது பயன் தராது. அந்நீரை ரேடியேட்டரில் ஊற்றுவது அதைவிடக் கேடு. உட்குழாய்களில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து எஞ்சின் சூடேறத் தொடங்கும். கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்தே நிரப்புங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கேம்பர் வான் பிற வாகனங்களைப் போல நாள்தோறும் ஓடுவதில்லை. மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றுவிட்டு விடுமுறையில் திடீரென முந்நூறு கிலோமீற்றர் ஓடுகிறது. நிற்கும் காலத்தில்தான் அது கெடுகிறது. வாரம் ஒரு முறையேனும் அரை மணி நேரம் வீதியில் ஓட்டுங்கள். முற்றத்திலேயே பத்து நிமிடம் எஞ்சினை இயங்க விடுவது போதாது. ஒயில் முழுமையாகச் சூடாகாததால் உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறாது, பிரேக்கும் டயரும் அசையாமலே கிடக்கும். நீண்ட நாள் நிறுத்தும்போது ஹாண்ட் பிரேக்கை இழுத்து வைக்காமல், கியரில் விட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஈரக் காற்றில் பிரேக்கின் உராயும் பட்டையான லைனிங், சக்கரத்தோடு சுழலும் டிரமோடு ஒட்டிக்கொள்வதால்தான் பல வான்கள் மழைக்காலம் முடிந்ததும் நகர மறுக்கின்றன.

ஐப்பசியில் வாடை தொடங்குமுன் கூரையைப் பாருங்கள். காற்றுக்காகக் கூரையில் வெட்டிய சாளரத்தின் விளிம்பில் பூசிய பசை, கச்சான் காலத்து வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். ஒருவர் உள்ளே இருக்க மற்றவர் குழாயால் கூரை மீது கால் மணி நேரம் மெதுவாக நீர் விட வேண்டும். உள்ளே நீர் சொட்டும் இடமும் ஓட்டை உள்ள இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், சொட்டிலிருந்து மேல்நோக்கி ஈரத்தின் வழியைத் தேடுங்கள். உட்சுவர்ப் பலகையை விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கும் இடத்தில் நீர் பல காலமாக இறங்கியிருக்கிறது என்று பொருள்.

பிரேக், ஸ்டியரிங், எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட், எரிவாயுக் குழாய், 230 வோல்ட் மின்இணைப்பு ஆகியவற்றை அத்தொழில் தெரிந்தவரிடமே கொடுங்கள். ஆனால் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாமல், அருகில் நின்று பார்த்துக் கேளுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதைத் தமையனாரிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய ஜப்பானிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் 100,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகிவிடும். விடை கிடைக்காவிட்டால் மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள்.

எங்கள் வானில் குளிர்ப்பெட்டிக்கும் மின்விசிறிக்கும் என 100 அம்பியர்-மணி அளவுள்ள இரண்டாவது பற்றரி இருக்கிறது. நிலாவெளியில் இரவு தங்கினால் விடியப்புறம் மூன்று மணிக்குக் குளிர்ப்பெட்டி நின்றுவிடுகிறது. பற்றரி பழுது என்றார்கள், புதிது வாங்கினோம். அதன் பிறகும் அதே நேரத்தில் நிற்கிறது.
*– ஒரு வாசகர், கிண்ணியா*

உங்கள் கடிதம் என்னை வருத்தியது, ஏனெனில் இத்தவறை நானும் செய்திருக்கிறேன். தொழில் தொடங்கிய காலத்தில், விளக்குகள் மங்கிய ஒரு வானுக்கு அளந்து பாராமலே, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேற்றரை மாற்றினேன். பழுதோ, பற்றரியின் எதிர்முனையை வாகன உடலோடு இணைக்கும் ஆணியில் ஏறியிருந்த துரு. அந்தக் குடும்பத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அளக்காமல் எதையும் மாற்றுவதில்லை. நீங்களும் வோல்ட்டை அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீற்றரை வாங்குங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இத்தகைய சிறிய குளிர்ப்பெட்டி இயங்கும்போது ஏறத்தாழ 4 அம்பியர் இழுக்கும். நம் வெப்பத்தில் பாதி நேரம் இயங்குகிறது என்று கொண்டால் சராசரி 2 அம்பியர். மின்விசிறிக்கு இன்னொரு 2 அம்பியர். மாலை ஆறு முதல் மூன்று மணி வரை ஒன்பது மணி நேரத்துக்கு 36 அம்பியர்-மணி. விளக்குகளையும் சேர்த்தால் 40. ஈய அமிலப் பற்றரியில் பாதியளவையே எடுக்கலாம் என்பதால் உங்களுக்குக் கையிருப்பு 50. ஆக, பற்றரி மாலையில் நிறைந்திருந்தால் மூன்று மணியைத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை என்றால், ஒன்று அது நிறையவில்லை, அல்லது அதில் இருப்பது குளிர்ப்பெட்டியைச் சென்றடையவில்லை. புதுப் பற்றரியிலும் அதே நேரத்தில் நிற்பதே பழுது பற்றரிக்கு வெளியே இருப்பதைக் காட்டுகிறது.

எஞ்சின் ஓடும்போது இரண்டாவது பற்றரியின் முனைகளில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் மின்னேற்றம் வருகிறது. 12.6 அளவிலேயே நின்றால் இரு பற்றரிகளையும் தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்சான ரிலே அல்லது இடையிலுள்ள ஃபியூஸ் வேலை செய்யவில்லை. மின்னேற்றம் சரியாக வந்தாலும், கிண்ணியாவிலிருந்து நிலாவெளி வரை ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம் பாதி இறங்கிய ஈய அமிலப் பற்றரியை நிரப்பாது. கடைசி ஐந்திலொரு பங்கு நிறையவே பல மணி நேரம் எடுக்கும். புறப்படுவதற்கு முதல்நாள் இரவு வீட்டில் சார்ஜர் போட்டு நிரப்புங்கள். காலையில் சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் எதையும் இயக்காமல் விட்டு அளந்தால் 12.7 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் பாதிக்கும் கீழே போய்விட்டது. அந்நிலையில் நாட்கணக்கில் விட்டால் புதுப் பற்றரியும் கெடும்.

இனி மறுபக்கம். குளிர்ப்பெட்டி இயங்கிக்கொண்டிருக்கும்போதே பற்றரி முனையில் ஒரு முறையும், குளிர்ப்பெட்டியின் இணைப்பில் ஒரு முறையும் அளவுங்கள். அங்கே 12.4, இங்கே 11.4 என்று வந்தால் ஒரு வோல்ட் வழியில் தொலைகிறது. இவ்வகைக் குளிர்ப்பெட்டிகள் பலவும் குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழ் இறங்கியதும் தாமாகவே நின்றுவிடும். மாலையில் பற்றரி உயர்ந்திருப்பதால் இழப்பைத் தாங்குகிறது. இரவு முழுதும் மெல்ல இறங்கி மூன்று மணியளவில் அந்த எல்லையைத் தொடுகிறது. பழுது நேரத்தைப் பார்த்து வருவது போலத் தோன்றுவது இதனால்தான். வயர் மெல்லியதாக இருக்கலாம். இணைப்புகளில் பச்சை பூத்திருக்கலாம். பற்றரியிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இணைப்பாக அளந்து செல்லுங்கள். எந்த இரு புள்ளிகளுக்கு இடையே வோல்ட் குறைகிறதோ அங்கே பழுது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் அளவுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது பழுது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

இன்னொன்று: நீல நிறமுள்ள 15 அம்பியர் ஃபியூஸ் எரிந்தால் அவ்விடத்தில் பச்சை நிற 30 அம்பியர் ஃபியூஸைச் செருகாதீர்கள். ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் பிறகு வயர் எரியும். அது பிள்ளைகள் படுத்திருக்கும் பலகைக்குப் பின்னால் ஓடுகிறது.

தண்ணீர்த் தாங்கியில் நாற்றம் வருகிறது. என்ன செய்யலாம்?
*– ஒரு வாசகி, சாம்பல்தீவு*

தாங்கியை முற்றாக வடித்துவிட்டு நிரப்புங்கள். மணம் சேர்க்காத, 5 வீதம் செறிவுள்ள ஹைப்போகுளோரைட் வெளிற்றியை ஒரு லீற்றர் நீருக்கு ஒரு மில்லிலீற்றர் வீதம் சேர்த்து, குழாயில் அந்த மணம் வரும்வரை திறந்து வைத்துப் பின் மூடி, ஓர் இரவு விடுங்கள். காலையில் வடித்து, மணம் போகும்வரை நல்ல நீரால் அலசுங்கள். பயணம் முடிந்ததும் தாங்கியைக் காலியாக்கி மூடியைத் திறந்து வைத்தால் மீண்டும் வராது. வெளிச்சம் புகும் தெளிந்த குழாய்களில் பாசி பிடிக்கும் என்பதால் அவற்றை ஒளி புகாத குழாய்களாக மாற்றுங்கள்.

டயர்களின் பூ தேயவே இல்லை. ஆனாலும் மாற்ற வேண்டும் என்கிறார் நண்பர். வீண் செலவல்லவா?
*– ஒரு வாசகர், உவர்மலை*

நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் தனியே அச்சிடப்பட்டிருக்கும். 2317 என்றால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் தயாரிக்கப்பட்டது. அதிகம் ஓடாத வாகனத்தின் டயர் தேய்வதற்கு முன் வெயிலில் முதிர்ந்துவிடுகிறது. வெயில்படும் பக்கத்துச் சக்கரங்களில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஏழு ஆண்டைத் தாண்டியவற்றில் குடும்பத்தை ஏற்றி ஹபரணை வீதியின் நண்பகல் வெப்பத்தில் ஓட்ட நான் துணியமாட்டேன். மேலதிக டயரின் வயதையும் பார்க்க மறவாதீர்கள். காற்றழுத்தத்தைக் கண்மதிப்பில் விடாமல், சாரதிக் கதவருகே ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள்.

சமைத்த பிறகு வானுக்குள் எரிவாயு மணக்கிறது. சாளரத்தைத் திறந்து வைத்தால் போதுமா? சிலிண்டரைப் படுக்க வைத்திருக்கிறோம்.
*– ஒரு வாசகி, மூதூர்*

போதாது. தயவுசெய்து இதைச் சரிசெய்யும்வரை உள்ளே சமைக்க வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. தண்ணீரைப் போலத் தரையில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். மேலே உள்ள சாளரத்தால் அது வெளியேறாது. மணம் வந்தால் சிலிண்டரின் வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, எல்லோரும் இறங்குங்கள். விளக்கையோ விசிறியையோ போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சுவிட்சின் சிறு பொறியே போதும். 2021 ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டு வீடுகளில் அடுத்தடுத்து நிகழ்ந்த எரிவாயு வெடிப்புகளை எவரும் மறந்திருக்க முடியாது. வானின் உள்ளிடம் ஒரு சமையலறையைவிடச் சிறியது.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவம் ரெகுலேற்றருக்குள் புகுந்து, அடுப்பில் கட்டுப்பாடற்ற சுவாலை எழும். வீட்டுக்கான 12.5 கிலோ சிலிண்டரை விட்டு 5 கிலோ அல்லது 2.3 கிலோ சிலிண்டரைப் பயன்படுத்துங்கள். அதைப் படுக்கைப் பகுதியிலிருந்து அடைத்துப் பிரித்த ஒரு பெட்டியில் வைத்து, அப்பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் ஒன்றை அமைக்கச் சொல்லுங்கள். கசிவைத் தேடச் சவர்க்கார நுரையை இணைப்புகளில் பூசினால் கசியும் இடத்தில் குமிழி எழும். தீக்குச்சியால் சோதிப்பவரை அருகிலும் விடாதீர்கள். கசிவு இல்லாவிட்டாலும், அடுப்பை எரியவிட்டுக் குளிர் போக்கிக்கொண்டு தூங்கக் கூடாது. அடைத்த வானுக்குள் காபனோரொட்சைட்டு என்ற மணமற்ற நச்சு வாயு சேர்ந்தால் எழுந்திருக்கவே முடியாது.

நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது பிரேக் கருகும் மணம் வந்தது. மிதி பஞ்சு போல் உள்ளே போனது. திருகோணமலை வந்ததும் சரியாகிவிட்டது. கவலைப்பட வேண்டுமா?
*– ஒரு வாசகர், சீனக்குடா*

கவலைப்படத்தான் வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. நீர் சேர்ந்த எண்ணெய், நெடிய இறக்கத்தில் சூடேறி உள்ளேயே கொதித்து ஆவிக் குமிழியாகிறது. திரவத்தைப் போல ஆவி அழுத்தத்தைக் கடத்தாது என்பதால் மிதி வெறுமனே உள்ளே போகிறது. ஆறியதும் சரியானது போலத் தோன்றும். அடுத்த இறக்கத்தில் அதே நிலை திரும்பும். ஈரம் மிகுந்த நம் கரையோரத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை முழுமையாக மாற்ற வேண்டும். கராஜில் லைனிங்குகளையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கருகியவை பளபளத்துக் கண்ணாடி போல் இருக்கும்.

இறங்கும் முறையையும் மாற்றுங்கள். நிறைந்த 100 லீற்றர் தாங்கி 100 கிலோ எடை. அதை மலையுச்சியிலேயே வடித்து, வழிக்கு வேண்டிய நீரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கி, வேகத்தை எஞ்சினே பிடிக்க விடுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மென்மையாக அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் உறுதியாக அழுத்திப் பின் முற்றாக விடுங்கள். மணம் வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹாண்ட் பிரேக்கை இழுக்காமல் அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். எண்ணெயை மாற்றும்வரை அந்த வானை மலைப் பக்கம் கொண்டு செல்லாதீர்கள்.