மருத்துவரின் முடிவும் நிர்வாகத்தின் கட்டுப்பாடும்: எல்லையை எங்கே வகுப்பது?

சேலத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மருத்துவர்களின் சுதந்திரத்தைக் கெடுக்காமல் நிர்வாகம் எதையெல்லாம் கட்டுப்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கு எது தேவை என்பதை மருத்துவரும், எல்லா நோயாளிகளுக்குமாக எதை வாங்கி வைப்பது என்பதை நிர்வாகமும் தீர்மானிப்பதே பொதுவாக நியாயமான பிரிவினை.

இதற்கு அரசுத் துறையிலேயே முன்மாதிரி உண்டு. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அத்தியாவசிய மருந்துப் பட்டியலின்படி மொத்தமாகக் கொள்முதல் செய்கிறது. சேலத்து அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்றவை அங்கிருந்து மருந்து பெறுகின்றன. பட்டியல் மருத்துவரின் தெரிவைச் சுருக்குகிறது என்பது உண்மைதான். ஆயினும் அதை மருத்துவர்களே கூடி வகுத்து, தேவைப்படும்போது காரணத்தை எழுதிவைத்துப் பட்டியலிலிருந்து விலகவும் இடமளித்தால், அந்தச் சுருக்கம் பெரும்பாலும் நோயாளிக்கு நன்மையாகவே முடிகிறது.

கிருமிக்கொல்லி (ஆன்டிபயாட்டிக்) மருந்துகளுக்கும் இதே முறை பொருந்தும். மருந்துச்சீட்டுகளைத் தணிக்கை செய்பவர் கணக்காளராக இல்லாமல் சக மருத்துவராக இருக்க வேண்டும். இல்லையேல் எவரும் மதிக்கமாட்டார்கள்.

மாதத்துக்கு இத்தனை ஸ்கேன், இத்தனை அறுவை சிகிச்சை என்று இலக்கு வைப்பதோ வேறு வகை. அது நிர்வாகமே அன்று, வணிகம். அதை மறுக்கும் உரிமையைப் பணி ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

ஏற்காட்டிலிருந்து ஒரு கர்ப்பிணியை இரவில் கொண்டை ஊசி வளைவுகள் வழியே கீழே அனுப்பலாமா என்பது மருத்துவர் எடுக்கவேண்டிய முடிவு. ஆம்புலன்ஸும் ஓட்டுநரும் ஆக்சிஜனும் தயாராக இருப்பதற்கு நிர்வாகமே பொறுப்பு.