பத்து மணிக்கே தூங்கி வழிகிறான், டீச்சர்!

பினாங்குப் பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு, தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பதில்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: மகன் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. காலையில் மைலோ மட்டும் குடித்துவிட்டுப் போகிறான். பத்து மணிக்கே வகுப்பில் தூங்கி வழிகிறானாம்.

மைலோவை நிறுத்த வேண்டாம், கூட ஒரு அவித்த முட்டை கொடுங்கள். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) என்றால் முட்டையும் நெத்திலியும் கட்டாயம் இருக்கட்டும். சரி, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறான்? இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினோரு மணிவரை கைப்பேசி பார்த்தால் முட்டை என்ன செய்யும், பாவம்!

ஜெலுத்தோங்கிலிருந்து: மகள் வெளிறிப்போய் இருக்கிறாள், கவனமும் இல்லை. மூளைக்கு நல்லது என்று விற்கும் டானிக் வாங்கலாமா?

டானிக் காசை மிச்சம் பிடியுங்கள். முதலில் அரசாங்க கிளினிக்கில் ரத்தம் பரிசோதியுங்கள். 5 முதல் 11 வயதுவரை, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் கவனமும் நினைவும் தளரும். சாப்பாட்டோடு தேநீர் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர விடாமல் அது தடுக்கும். அதற்குப் பதில் கொய்யாப்பழம் கொடுங்கள். இரும்பு மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: ஒரே பாடத்தைப் பத்து முறை படிக்க வைக்கிறேன், டீச்சர். சோதனையில் மறந்துவிடுகிறாள்.

திரும்பத் திரும்பப் படித்தால் வரி கண்ணுக்குப் பழகிவிடும். தெரிந்துவிட்ட மாதிரியே இருக்கும். ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளையிடம் "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓரேழு ஏழு" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும்! அதனால் கலைத்துக் கேளுங்கள். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, "என்ன படிச்ச, சொல்லு" என்று கேளுங்கள். தடுமாறட்டும்; உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். மனதுக்குள் தேடி எடுப்பதில்தான் பாடம் பதிகிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அதே பாடத்தை இரண்டு நாள் விட்டு, பிறகு அடுத்த வாரம், மறுபடி கேளுங்கள். பத்து முறை வேண்டாம், மூன்று போதும்.

பிறையிலிருந்து: இனிப்பு சாப்பிட்டால் பையன் ஓயாமல் குதிக்கிறானே?

சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. பிறந்தநாள் விருந்தில் கேக் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் குதிக்கத்தான் செய்யும். பல்லுக்காக இனிப்பைக் குறையுங்கள், அது வேறு விஷயம்.