அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து காற்றில் எங்கும் இருக்கிறதே, அந்தப் பூஞ்சைத் தொற்றைக் கண்டறியும் பரிசோதனையில் எல்லோருக்கும் பாசிட்டிவ் வராதா?

வராது. காரணம், பரிசோதனையில் பயன்படும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருளில் ஒட்டும் புரதம்) எதைப் பிடிக்கிறது என்பதில் இருக்கிறது.

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் தார்ன்டன் உருவாக்கி 2008-ல் வெளியிட்ட ஜே.எஃப்.5 என்ற மோனோகுளோனல் ஆன்டிபாடியை, அதாவது ஒரே வகைச் செல்களிலிருந்து வரும் ஒரே மாதிரியான ஆன்டிபாடியை, பாருங்கள். சுண்டெலியின் செல்களிலிருந்து கிடைத்தது. அஸ்பெர்ஜில்லஸ் முளைத்து, இழை விட்டு வளரும்போது வெளியே கசியவிடும் ஒரு கிளைக்கோபுரதத்தில்தான் (சர்க்கரை இணைந்த புரதம்) அது ஒட்டும். நாம் தினமும் சுவாசிக்கும், முளைக்காத வித்துகளில் அந்தப் பொருள் இல்லை. ஆகவே பரிசோதனையில் பாசிட்டிவ் கோடு தெரிந்தால் பூஞ்சை உடலுக்குள் வளர்கிறது என்று சந்தேகிக்கலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே இந்தப் பொருளைத் தேர்ந்தெடுத்ததுதான்.

இதை வைத்து, கர்ப்பப் பரிசோதனை அட்டை போன்ற ஒரு பட்டை செய்தார்கள். ரத்த சீரமோ நுரையீரலைக் கழுவி எடுத்த திரவமோ விட்டால் சுமார் 15 நிமிடத்தில் முடிவு. எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால் ஒவ்வொரு நாளும் முக்கியம். கல்ச்சர், அதாவது ஆய்வகத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது, பல நாள் ஆகும், பல சமயம் வளராமலே போகும்.

மருத்துவமனைகளில் அதிகம் நடக்கும் கேலக்டோமேனன் எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனையில் இருப்பது வேறு ஆன்டிபாடி, ஈ.பி.-ஏ2. அது கேலக்டோமேனன் என்ற, பூஞ்சையின் சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கும். பெனிசிலியம் போன்ற பூஞ்சைகளிலும் அதே சங்கிலி உண்டு. அதனால் ஒற்றை பாசிட்டிவை மட்டும் நம்பாமல் சிடி ஸ்கேனையும் நோயாளியின் நிலையையும் சேர்த்தே மருத்துவர்கள் முடிவெடுப்பார்கள்.