பன்னிரண்டு சனிக்கிழமைகளில் எடைபோடப்படும் வாழ்க்கை

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்துப் பயிற்றுநர்களைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய நான்கு வரிப் பதிலைப் படித்துவிட்டு, சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து வாசகர்கள் அடுத்தடுத்துக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அந்த ஊரை ஒட்டிய தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில், இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஐயா, என் அக்காள் மகன் அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அங்கே காற்பந்துப் பயிற்றுநருக்குப் பல்கலைக்கழகத் தலைவரைவிடப் பல மடங்கு சம்பளம் என்று தொலைபேசியில் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்கிறானா, உண்மைதானா?
— மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அலபாமாவின் பயிற்றுநராக இருந்து 2024 ஜனவரியில் ஓய்வுபெற்ற நிக் சேபன், கடைசிக் காலத்தில் ஆண்டுக்கு 11 மில்லியன் டாலருக்கும் மேல் பெற்றார். அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவற்றில், அரசு சார்ந்த ஊழியர்களிலேயே மிகுதியான ஊதியம் பெறுபவர் ஆளுநர் அல்லர். மாநிலப் பல்கலைக்கழகத்தின் காற்பந்துப் பயிற்றுநரோ கூடைப்பந்துப் பயிற்றுநரோதான். இந்தப் பணத்தின் பெரும்பகுதி வரிப்பணத்திலிருந்து வருவதில்லை. தொலைக்காட்சி உரிமம், நுழைவுச் சீட்டு, பழைய மாணவர்கள் அள்ளிக் கொடுக்கும் நன்கொடை ஆகியவற்றிலிருந்து வருகிறது.

அவர்கள் காற்பந்து என்று அழைப்பது நம் தோட்டத்துத் திடலில் ஆடும் ஆட்டம் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது ரக்பிக்கு நெருங்கிய ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டும் எறிந்தும் முன்னேறுவார்கள். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 1 இலட்சத்து 7 ஆயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்து பார்க்கலாம். நம் புக்கிட் ஜாலில் அரங்கத்தைவிடப் பெரிய அந்த அரங்கம், ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்தச் சொத்து.

சம்பளத்தைவிட எனக்கு வியப்பளிப்பது, வேலையைவிட்டு அனுப்பும்போது கொடுக்கும் பணம்தான். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2017-இல் ஜிம்போ ஃபிஷர் என்பவரை 10 ஆண்டுகளுக்கு 75 மில்லியன் டாலர் என்று பேசி அழைத்து வந்தது; 2021-இல் ஒப்பந்தத்தை நீட்டித்தது; 2023 நவம்பரில் போதும் என்று அனுப்பிவிட்டது. அனுப்பியதற்காக அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை ஏறத்தாழ 76 மில்லியன் டாலர். ஏன் இப்படிக் கையெழுத்திடுகிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அணியில் சேர அழைக்கப்படும் 17 வயதுப் பையனின் பெற்றோர், "படிக்கும் நான்கு ஆண்டும் நீங்களே இருப்பீர்களா?" என்று பயிற்றுநரிடம் கேட்கிறார்கள். ஒப்பந்தம் முடியப்போகிறவரை நம்பி எந்தப் பெற்றோரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். ஆகவே, உள்ளபடி எத்தனை ஆண்டு வைத்திருந்தாலும், காகிதத்தில் மட்டும் நீண்ட காலம் இருந்தாக வேண்டியிருக்கிறது.

கேள்வி: நான் தமிழ்ப்பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். 12 வயதுக்குட்பட்டோர் அணியைப் பயிற்றுவிக்கிறேன். இந்தப் பதவிக்கு அங்கே எப்படி வருகிறார்கள்? அதற்கென்று தேர்வோ சான்றிதழோ உண்டா? பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டுமா?
— ஆசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: தேர்வு கிடையாது. பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. இருப்பது ஓர் ஏணி. அதன் அடிப்படி, 'பட்டதாரி உதவியாளர்' என்னும் வேலை. மேற்படிப்புப் படித்துக்கொண்டே மிகக் குறைந்த ஊதியத்துக்கு ஒளிப்படச் சுருளைப் போட்டுப் பார்த்து எதிரணியின் ஆட்டத்தைக் குறிப்பெடுப்பது, கூம்புகளை அடுக்குவது, சொன்ன வேலையையெல்லாம் செய்வது. அதன்பின் ஒரு பிரிவை மட்டும் கவனிக்கும் துணைப் பயிற்றுநர். அடுத்து தாக்குதலுக்கோ தற்காப்புக்கோ பொறுப்பான ஒருங்கிணைப்பாளர். எல்லாவற்றுக்கும் மேலே தலைமைப் பயிற்றுநர்.

நிக் சேபனின் வழித்தடத்தையே பாருங்கள். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க வட்டாரத்தில், தந்தையின் எண்ணெய் நிலையத்தில் கார் கழுவி வளர்ந்தவர் அவர். கழுவிய காரில் ஒரு கோடு தெரிந்தாலும் தந்தை முழுக் காரையும் மறுபடி கழுவச் சொல்வாராம். கறுப்புக் காரும் கருநீலக் காரும் வந்தாலே பையனுக்கு வயிற்றைக் கலக்குமாம், ஏனென்றால் அவற்றில்தான் கோடு மறையாது. படிப்பு முடிந்தும் மனைவிக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு மிச்சம் இருந்ததால், 1973-இல் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே உதவியாளராகத் தங்கினார். பிறகு சிரக்யூஸ், மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ மாநிலம், கடற்படைக் கழகம், மிச்சிகன் மாநிலம், ஹூஸ்டனின் தொழில்முறை அணி என்று பெட்டியும் படுக்கையுமாக ஊர் ஊராய்ப் போனார். தலைமைப் பயிற்றுநர் பதவி முதன்முதலில் கிடைத்தது 1990-இல், டொலிடோ என்னும் சிறிய பல்கலைக்கழகத்தில். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 2003 பருவத்தின் தேசிய வாகையர் பட்டத்தைப் பெற்றுத் தந்தபோது அவருக்கு வயது 52. அடிப்படியில் கால் வைத்து 30 ஆண்டு ஆகியிருந்தது. அதன்பின் அலபாமாவில் மேலும் ஆறு பட்டங்கள். மொத்தம் ஏழு, வேறு எந்தப் பயிற்றுநரும் எட்டாத எண்ணிக்கை என்பதே பொதுவான கணக்கு.

இந்த ஊர்மாற்றத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. மயாமியின் தொழில்முறை அணியில் இருந்தபோது, அலபாமாவுக்குப் போகப்போவதில்லை என்று 2006 டிசம்பரில் சேபன் செய்தியாளர்களிடம் திட்டவட்டமாகச் சொன்னார்; 2007 ஜனவரியில் அலபாமாவில் இருந்தார். அவர் திறமையில் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை என்றாலும், பையன்களிடம் சொல் தவறாமையைப் போதிக்கும் பதவியில் இருப்பவர் இப்படிச் செய்வது சரியன்று என்றே கருதுகிறேன்.

ஆட்டத்தில் பெயர் பெறாதவரும் வரலாம் என்பதற்குக் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் டேபோ ஸ்வின்னி நல்ல சான்று. உபகாரச் சம்பளம் இல்லாமல் தாமாகவே அலபாமா அணியில் போய்ச் சேர்ந்தவர் அவர். குடும்பம் சிதறிய நிலையில் தாயைத் தம் மாணவர் குடியிருப்பிலேயே வைத்துக்கொண்டு படித்தார். துணைப் பயிற்றுநராக இருந்த வேலையும் போய், இரண்டு ஆண்டுகள் கடைத்தொகுதிகளுக்கு வாடகைக்கு ஆள் பிடிக்கும் தொழில் பார்த்தார். 2003-இல் கிளெம்சனுக்குத் துணைப் பயிற்றுநராக வந்தார். 2008-இல் பருவத்தின் நடுவே தற்காலிகத் தலைமை கிடைத்தது. 2016, 2018 ஆகிய இரு பருவங்களிலும் அவர் அணி வாகை சூடியது. இரண்டு முறையும் இறுதியாட்டத்தில் தோற்றது சேபனின் அலபாமா.

ஆசிரியரான உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பயிற்றுநரைப் பற்றிப் பேசும்போது, அவர் யாரிடம் கற்றார், அவரிடம் யார் கற்றார்கள் என்று கொடிவழி பார்ப்பார்கள். நம் நாதசுரக் கலைஞர்களை இன்னாருடைய சீடர் என்று சொல்வதுபோலத்தான். ஒஹாயோவில் உள்ள மயாமி பல்கலைக்கழகத்துக்குப் 'பயிற்றுநர்களின் தொட்டில்' என்றே பெயர். அங்கே வூடி ஹேய்ஸிடம் ஆடியவர் போ ஷெம்பெக்லர். பின்னாளில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹேய்ஸுக்கே துணைப் பயிற்றுநராகவும் இருந்தவர். அந்தச் சீடர் 1969-இல் மிச்சிகனின் தலைமைப் பயிற்றுநராகி, முதல் ஆண்டிலேயே குருவின் அணியை 24–12 என்று வீழ்த்தினார். ஜார்ஜியாவுக்கு 2021, 2022 பட்டங்களைப் பெற்றுத் தந்த கெர்பி ஸ்மார்ட், சேபனிடம் பல ஆண்டு துணையாக இருந்தவர். மேலே சொன்ன ஜிம்போ ஃபிஷரும் அவரிடம் இருந்தவர்தான்.

கேள்வி: ஆடும் பையன்களுக்குச் சம்பளம் உண்டா?
— ஐந்தாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: நெடுங்காலம் இல்லை, தங்கச்சி. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றை உள்ளடக்கிய உபகாரச் சம்பளத்தோடு சரி. பயிற்றுநர் மில்லியன் கணக்கில் பெற்ற காலத்தில், தம் கையெழுத்தை விற்ற ஆட்டக்காரருக்குத் தண்டனை கிடைத்தது. அதை நியாயம் என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு அவர்கள் பணம் ஈட்டலாம். 2025-இலிருந்து பல்கலைக்கழகங்களே நேரடியாகவும் கொடுக்கலாம். ஓர் ஆண்டு காத்திராமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளும் உரிமையும் வந்துவிட்டது. பயிற்றுநர்களில் பலர் இதனால் வேலை கெட்டுவிட்டது என்று வருந்துகிறார்கள். தாங்கள் மட்டும் ஊர் மாறிக்கொண்டே இருந்தவர்கள் அப்படி வருந்துவதை நான் ஏற்கவில்லை.

கேள்வி: தோற்றால் மட்டும்தான் வேலை போகுமா?
— வாசகர், லிந்தாங்

பதில்: பெரும்பாலும் தோல்விதான் காரணம். வழக்கமான பருவம் 12 ஆட்டங்கள் கொண்டது. ஆகஸ்டு கடைசியில் தொடங்கி, பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடக்கும். ஆண்டு முழுவதும் செய்த உழைப்பு அந்தப் பன்னிரண்டு சனிக்கிழமைகளில் எடைபோடப்படுகிறது. அவற்றில் நான்கைந்து தவறினால் பெரிய பல்கலைக்கழகங்களில் முணுமுணுப்பு எழுந்துவிடும்.

ஆனால் வென்றவர்களும் ஒரே நாளில் விழுந்திருக்கிறார்கள். வூடி ஹேய்ஸ் 28 பருவங்கள் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர். 1978 டிசம்பரில் ஓர் ஆட்டத்தின் முடிவில் எதிரணி ஆட்டக்காரரைக் கைநீட்டி அடித்தார். மறுநாளே பதவி பறிபோனது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோ பெட்டர்னோ 46 பருவங்களில் 409 வெற்றிகள் கண்டவர். முன்னாள் துணைப் பயிற்றுநர் ஒருவர் சிறுவர்களிடம் பாலியல் கொடுமை புரிந்தது வெளிவந்தபோது, தமக்கு வந்த புகாரை மேலிடத்தில் சொன்னதோடு பெட்டர்னோ நின்றுவிட்டார் என்பது தெரிந்தது. 2011 நவம்பரில் நிர்வாகக் குழு அவரைத் தொலைபேசியிலேயே நீக்கியது. அந்தச் சிறுவர்களை நினைக்கும்போது, 409 என்ற எண்ணை எடுத்து வைத்து அவருக்காக வாதாட எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: நான் பால்மரக் காலத்துத் தோட்டத் தொழிலாளி, இப்போது வயது 74. வெட்டு முடிந்த பிறகு மாலையில் தோட்டத்துப் பையன்களுக்கு 19 ஆண்டு காற்பந்து சொல்லிக் கொடுத்தேன். ஆடியவர்களின் பெயர்களைப் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே இடத்தில் இருந்து, வசதியில்லாத பிள்ளைகளை ஆளாக்கிய பயிற்றுநர் அங்கே யாரும் உண்டா?
— சுங்கை சிப்புட்

பதில்: உண்டு, ஐயா. இந்தக் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதத் தொடங்கியபோதே, இவரைப் பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். அவர் பெயர் எடி ராபின்சன்.

1919-இல் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். தந்தை பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினத் தொழிலாளி. தாய் வீட்டு வேலைக்குப் போனவர். பட்டம் பெற்றும் தகுந்த வேலை கிடைக்காமல், தீவன ஆலை ஒன்றில் மணிக்கு 25 காசு கூலிக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இளைஞரை, 1941-இல் கிராம்பிளிங் என்னும் சிற்றூரில் கறுப்பின மாணவர்களுக்காக இயங்கிய ஒரு கல்லூரி பயிற்றுநராக எடுத்துக்கொண்டது. திடலில் புல் வெட்டும் வண்டியைத் தாமே தள்ளினார். சுண்ணாம்புக் கோட்டைத் தாமே போட்டார். ஆட்டக்காரர்களின் கணுக்காலுக்குக் கட்டுக் கட்டினார். ஆட்டம் முடிந்ததும் நாளிதழுக்கான செய்தியையும் தாமே எழுதி அனுப்பினார். வெளியூர்ப் பயணங்களில் வெள்ளையர் உணவகங்கள் அவருடைய பையன்களை உள்ளே விடாது என்பதால், வழியில் தின்ன ரொட்டிகளை அவரே கட்டி எடுத்துப் போனார். இரண்டாவது பருவமான 1942-இல் அந்த அணி ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பினப் பையன்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அலபாமாவின் புகழ்பெற்ற பால் பிரையன்ட், 1982 டிசம்பரில் 323 வெற்றிகளோடு ஓய்வுபெற்று நான்கே வாரத்தில் மறைந்தார்; உயரமான கோபுரத்தின்மேல் நின்று பயிற்சியைப் பார்வையிட்டவர் அவர். 1985-இல் அந்த எண்ணைக் கடந்தவர், புல் வெட்டும் வண்டி தள்ளிய ராபின்சன். 1997-இல் ஓய்வுபெற்றபோது அவர் கணக்கில் 408 வெற்றிகள். அவரிடம் ஆடியவர்களில் 200-க்கும் மேற்பட்டோர் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். கடைசி மூன்று பருவங்களில் தோல்விகள் மிகுந்து, அவரை முன்னதாகவே அனுப்பிவிடும் முயற்சியும் நடந்தது. ஊரார் எழுப்பிய குரலால்தான் இன்னும் ஓர் ஆண்டு கிடைத்தது. 1998-இல் அவர் இடத்துக்கு வந்த டக் வில்லியம்ஸ், அவரிடமே ஆடி வளர்ந்தவர். தொழில்முறைக் காற்பந்தின் உச்ச ஆட்டமான சூப்பர் பவுலை, அணியின் பந்து எறியும் தலைவராக நின்று 1988-இல் வென்று கொடுத்த முதல் கறுப்பினத்தவரும் அவரே.

நான் வளர்ந்த தோட்டத்திலும் உங்களைப்போல் ஒருவர் இருந்தார். காலைப் பெரட்டுக்கு நிற்கும் அதே ஆள், மாலையில் கோணிப்பையில் இரண்டு பந்துகளைப் போட்டுத் தூக்கிக்கொண்டு திடலுக்கு வருவார். அவர் பயிற்றுவித்த பையன்களின் பெயர்களை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. உங்கள் கணக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கங்களைப் படியெடுத்து இதழ் முகவரிக்கு அனுப்பி வையுங்கள், ஐயா. மூலத்தை அனுப்ப வேண்டாம். அது உங்களிடமே இருக்கட்டும்.