முட்டை நாற்றமும் மூன்றாவது மாடியும்

கேள்வி: என் பிள்ளைகள் இருவரும் ஜிம் போகிறார்கள், மைதா கூடாது என்கிறார்கள். அதனால் ஞாயிறு காலையில் கீழே மாவு விரிக்காமல் முட்டை, பால், 100 கிராம் சீஸ், பச்சைப் பாலக், காளான், தக்காளி போட்டு ஓடிஜி என்கிற சின்ன மின்சார அவனில் கீஷ் என்கிற பிரெஞ்சு முட்டைப் பலகாரம் செய்கிறேன். 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தும் தண்ணீர் விடுகிறது, நடுவில் அமுங்கிவிடுகிறது. 73 வயது மாமியாருக்கு முட்டை வாசனை ஆகாது. முடியும்வரை கீழே சொசைட்டி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார், அதனால் வீட்டில் பிரச்சினை இல்லை. எங்கே தப்பு செய்கிறேன்?
— மூன்றாவது மாடி வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: இரண்டு இடத்தில். சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பாலக், காளான், தக்காளி மூன்றும் தண்ணீர்க் குடங்கள். கீழே மாவு இருந்தால் கொஞ்சம் உறிஞ்சும்; இல்லையென்றால் எல்லாம் தட்டுக்குத்தான் வரும். காளானை உப்புப் போட்டு, வாணலியில் சத்தம் அடங்கும்வரை வதக்குங்கள். பாலக்கை வதக்கி, ஆறியதும் ஒட்டப் பிழியுங்கள். தக்காளியின் விதைப் பகுதியை வழித்து எறியுங்கள். வயிறு நிறைய வேண்டுமென்றால், வேகவைத்த உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி அடியில் பரப்பலாம். (உங்கள் பக்கத்துப் பார்சி காலனியில் உருளைக்கிழங்கின் மேல் முட்டையை உடைத்து ஊற்றி மூடி வைக்கிறார்களே, பப்பேட்டா பர் ஈடு, அதற்கு ஓடிஜியே தேவையில்லை.) 6 முட்டைக்கு ஒரு கப் பால் போதும். 180 டிகிரி, சுமார் 35 நிமிடம். நடுவில் லேசாகத் தளதளக்கும்போதே எடுத்து 10 நிமிடம் விடுங்கள், உள்சூட்டிலேயே இறுகிவிடும்.

நீங்கள் வைத்த சூட்டில் முட்டையின் புரதம் சுருங்கி, பிடித்து வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. அதோடு, வெள்ளைக்கரு அளவுமீறி வெந்தால் கந்தக வாயு கிளம்பும். உங்கள் மாமியாரைக் கீழே விரட்டுவதில் அந்த நாற்றத்துக்கும் பங்கு உண்டு.

சரி, பெரிய தப்புக்கு வருகிறேன். ‘அதனால் வீட்டில் பிரச்சினை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு இல்லை? ஓடிஜி சூடாக, வேக, ஆற, நாற்றம் போக, குறைந்தது ஒன்றரை மணி நேரம். ஞாயிறு காலையில் அத்தனை நேரம் ஒரு வயதான பெண்மணி வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பால் வாங்கப் போகிறவர்களெல்லாம் “என்ன மாமி, இங்கே?” என்று கேட்பார்கள். அவர் என்ன சொல்லிச் சமாளிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? அன்று காலை அவர் என்ன சாப்பிட்டார் என்பதற்குக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. சீஸ் எத்தனை கிராம் என்பது மட்டும் இருக்கிறது!

தானாகத்தானே போகிறார் என்பீர்கள். போகச் சொல்கிற நிலைமை வரக்கூடாதென்று முந்திக்கொண்டு போகிறார், அம்மா. முட்டையை விடச் சொல்லவில்லை, நானும் சாப்பிடுகிறவள்தான். ஆனால் வீட்டுப் பெரியவரை வாசலில் உட்கார வைத்துவிட்டுச் சாப்பிடுவது எனக்குத் தொண்டையில் இறங்காது. பெற்ற பிள்ளை, உங்கள் கணவர், அந்த நேரத்தில் என்ன செய்கிறார்? பேப்பர் படிக்கிறாரா?

காய்களைச் சனிக்கிழமை ராத்திரியே வதக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஞாயிறு முதல் ஈடு இட்லியும் காபியும் மாமியாருக்கு. அப்புறம் ஜிம் போகிற பிள்ளைகளில் ஒருவன் பாட்டியை ஆஸ்திக சமாஜம் கோயிலுக்குக் கூட்டிப் போகட்டும், அந்த உடம்பு அதற்காவது உதவட்டும். அதற்குள் நீங்கள் வேகவைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீரில் அலசிவிடலாம். வெந்நீர் ஊற்றினால் முட்டை ஒட்டிக்கொண்டு வாசனை போகாது. கோயிலுக்கு வரவில்லை என்று அவர் சொல்கிற வாரம் எல்லோருக்கும் இட்லி.

மூன்றாவது மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதவில்லை.